பெயரை உங்கள் பெயரில் எழுதி வாங்குங்கள்: மதுரை வியாபாரிகளுக்கு ஒரு முழுமையான டிரேட்மார்க் வழிகாட்டி

2022 சித்திரை. முகூர்த்த நாட்கள் நெருங்கிய நேரம். கீழமாசி வீதியில் எங்கள் அப்பளத்தை வாங்கி விற்கும் மளிகைக்கடை அண்ணாச்சி போன் போட்டார். "தம்பி, போன வாரம் வந்த சரக்கு சரியில்லப்பா. எண்ணெயில போட்டா செவந்துருது, பொரிய மாட்டேங்குது. ரெண்டு சமையல்காரங்க திருப்பிக் கொண்டாந்துட்டாங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டுகளை வைத்துக் காட்டினார். ஒன்று எங்களுடையது. இன்னொன்றில் அதே பச்சைக் கரை, அதே மஞ்சள் எழுத்து. பெயரில் நடுவிலே ஒரு எழுத்து மட்டும் வேறு. அவசரத்தில் நானே இரண்டாவது முறை பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அப்பளத்தைக் கையில் உடைத்துப் பார்த்தேன். உளுந்து கம்மி, மைதா தூக்கல். கடைப்பையன் விலை குறைவாகக் கிடைத்ததென்று எங்கள் சரக்கு என்றே நினைத்து இறக்கிவிட்டிருக்கிறான்.

மறுநாள் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "டிரேட்மார்க் பதிவு இருக்கா?" எங்கள் கம்பெனிச் சுவரில் ஜிஎஸ்டி சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. பக்கத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் சான்றிதழ், மாநகராட்சி லைசென்ஸ். இத்தனை இருந்தும் அவர் கேட்டது, அதாவது சரக்கின் பெயரையும் சின்னத்தையும் நம்முடையது என்று பதிந்து வாங்கும் பதிவு, இல்லை.

அந்த ஓராண்டில் நாங்கள் பட்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் கடை வைத்திருக்கிற, பொடி அரைக்கிற, சுங்குடி சாயம் போடுகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

சுவரில் மாட்டியிருப்பது எதுவும் பெயரைக் காக்காது

ஜிஎஸ்டி எண் வரித்துறைக்கு. உணவு உரிமம் சுத்தத்துக்கும் தரத்துக்கும். உத்யம், நீங்கள் சிறுதொழில் செய்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்தாலும்கூட, அதே பெயரில் இன்னொருவர் அப்பளம் விற்பதைத் தடுக்கும் உரிமை அதனால் மட்டும் வந்துவிடாது. அந்த உரிமையைத் தருவது டிரேட்மார்க் சட்டம், 1999. 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதிகள் 2017-இல் புதுப்பிக்கப்பட்டன. தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆனால் எல்லாமே ஆன்லைனில் நடப்பதால் நாங்கள் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை.

பதியாவிட்டால் கதியே இல்லையா என்றால், இருக்கிறது. உங்கள் பெயருக்குச் சந்தையில் நற்பெயர் உண்டு, எதிராளி அதை வைத்து வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார், உங்களுக்கு நட்டம் என்று மூன்றையும் நிரூபித்து வழக்கு நடத்தலாம். பதிவு இருந்தால் அந்தப் பாரம் பெருமளவு குறைகிறது.

சாமி, ஊர், சரக்கு

நம் ஊர்க் கடைப்பலகைகளை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். மீனாட்சி, முருகன், அழகர். இல்லையென்றால் மதுரை, வைகை. அதோடு நெய், மிளகு, சுவை, ஸ்பெஷல். நம் வியாபாரிகள் பெயர் வைப்பது சாமியை வைத்து, ஊரை வைத்து, சரக்கை வைத்து. சட்டம் தனியொருவருக்கு எழுதிக் கொடுக்கத் தயங்குவதும் இந்த மூன்றைத்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சட்டத்தின் 9-ஆவது பிரிவு, சரக்கின் வகையையும் தரத்தையும் ஊரையும் மட்டும் சொல்லும் சொல்லைப் பதிய முடியாது என்கிறது. 'மதுரை மொறுமொறு அப்பளம்' என்று வைத்தால் அதில் உங்களுக்கென்று சொந்தமாக ஒன்றுமில்லை. மதுரையில் அப்பளம் போடும் எல்லோரும் அப்படிச் சொல்லிக்கொள்ள உரிமை உள்ளவர்கள். நீண்ட காலம் பயன்படுத்தி அந்தச் சொல்லைக் கேட்டாலே உங்கள் சரக்குதான் நினைவுக்கு வரும் என்று நிரூபித்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் நிரூபிப்பது பெரும்பாடு.

சாமி பெயர்களைப் பொறுத்தவரை, ஆயிரம் பேர் வைத்திருக்கும் பெயரில் பிடிமானம் குறைவு. 'ராமாயண்' என்ற பெயரை ஊதுவத்திக்குக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரைத் தனியொருவர் தனக்கே உரியதாகக் கோர முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேறு சொல்லோ படமோ சேர்ந்து மொத்தமும் தனித்துத் தெரிந்தால் வழி இருக்கிறது. அப்போதும் பாதுகாப்பு மொத்தத்துக்குத்தான், சாமி பெயருக்கு மட்டும் இல்லை.

மதுரை மல்லிக்கும் சுங்குடிக்கும் கிடைத்திருப்பது புவிசார் குறியீடு, அது வேறு. சுங்குடிக்கு 2005-இலும் மல்லிக்கு 2013-இலும் கிடைத்தது. அது அந்த வட்டாரத்தில் முறைப்படி உற்பத்தி செய்யும் எல்லோருக்கும் பொது. உங்கள் சுங்குடிக் கடையின் பெயருக்கு நீங்கள் தனியாகத்தான் டிரேட்மார்க் வாங்க வேண்டும்.

அப்படியானால் எது நல்ல பெயர்? சரக்கோடு சம்பந்தமே இல்லாத சொல், அல்லது நீங்களே உருவாக்கிய சொல். அப்பளத்துக்குத் 'தும்பி' என்று வைப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். தும்பிக்கும் உளுந்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதனாலேயே அது வலுவான பெயர். முதலில் கடைக்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கச் சிரமமாக இருக்கும். பிறகு அந்தப் பெயரை யார் எடுத்தாலும் உங்களிடமிருந்து எடுத்ததாகத்தான் தெரியும்.

தேடிப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்

பதிவகத்தின் ஐபி இந்தியா இணையதளத்தில் பொதுத் தேடல் இலவசம். பெயரையும் உங்கள் சரக்கின் வகுப்பு எண்ணையும் (அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறேன்) கொடுத்தால் ஏற்கெனவே பதிந்தவை, விண்ணப்பத்தில் இருப்பவை எல்லாம் வரும். எழுத்தை வைத்துத் தேடுவது ஒன்று, ஒலியை வைத்துத் தேடுவது இன்னொன்று. இரண்டையும் செய்யுங்கள்.

இதில் தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல். பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் பட்டியலில் இருக்கும். நம் ழகரத்தை ஒருவர் இசட்-எச் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் வெறும் எல். தகரத்துக்கு ஒருவர் டி மட்டும், இன்னொருவர் டி-எச். தாழம்பூ என்ற ஒரு பெயரை நான் ஆறு விதமாக எழுதித் தேடியிருக்கிறேன். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "காலியா இருக்கு" என்று சந்தோஷப்படாதீர்கள்.

எவ்வளவு நெருக்கம் இருந்தால் ஆபத்து என்பதற்கு நம் மாநிலத்து வழக்கு ஒன்றே போதும். மூக்குப்பொடி வியாபாரம். ஒருவருடையது 'அம்பாள்', இன்னொருவர் கேட்டது 'ஆண்டாள்'. நமக்கு இரண்டும் வேறு வேறு. ஆனால் உச்சரிப்பில் குழப்பம் வரும் அளவுக்கு ஒற்றுமை இருக்கிறது என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் ஆண்டாளுக்குப் பதிவை மறுத்தது. ஆகவே அர்த்தத்தைப் பார்க்காதீர்கள். கடையில் நின்று சத்தமாகக் கேட்டால் காதில் எப்படி விழும் என்று பாருங்கள்.

சொல்லா, சின்னமா

பெயரை வெறும் சொல்லாகப் பதியலாம், லோகோவாகவும் பதியலாம். கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் என் யோசனை: பெயர் வலுவானது என்றால் சொல்லையே பதியுங்கள். எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில் அச்சடித்தாலும் அந்தப் பாதுகாப்பு செல்லும். பெயர் கொஞ்சம் பொதுவானது என்றால் லோகோவோடு சேர்த்துக் கேட்பதே நடக்கிற காரியம். லோகோவைக் கறுப்பு வெள்ளையில் கொடுத்தால், நிறக் கட்டுப்பாடு இல்லாமல் எல்லா நிறங்களுக்கும் பதிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். படத்தின் அளவு 8 செ.மீ.க்கு 8 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்தில் பெயர் இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அதற்கொரு ஆட்சேபம் வரும்.

லோகோ வரைந்து கொடுத்த டிசைனரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். காசு கொடுத்துவிட்டோம், நம்முடையதுதானே என்று இருந்துவிடக் கூடாது. வரைந்தவருக்குப் பதிப்புரிமை நிற்கலாம். "இந்தப் படத்தின் உரிமை முழுவதையும் இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன்" என்று கையெழுத்தோடு இருந்தால் பின்னால் பேச்சே இல்லை.

எந்த வகுப்பு

உலகத்துச் சரக்கும் சேவையும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 1 முதல் 34 வரை பொருட்கள், மீதி சேவைகள். அப்பளம், மசாலாப்பொடி, காபி, மிட்டாய் 30-இல். ஊறுகாயும் சமையல் எண்ணெயும் நெய்யும் 29-இல். சேலை, சட்டை 25. தறியிலிருந்து வரும் துணி 24. ஊதுவத்தி 3. மாவு அரைக்கும் கிரைண்டர் 7, எவர்சில்வர் பாத்திரம் 21, திண்டுக்கல் பூட்டு 6, சிவகாசி வெடி 13, தீப்பெட்டி 34. ஹோட்டல் 43, சில்லறை விற்பனைக் கடை 35.

ஜிகர்தண்டாவை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். பால் அதிகமுள்ள பானம் என்றால் 29. மேலே போடும் ஐஸ்கிரீமைத் தனியாக டப்பாவில் விற்றால் 30. சர்பத்தைப் பாட்டிலில் அடைத்து விற்றால் 32. மேசை போட்டு டம்ளரில் கொடுக்கும் கடைக்கு 43. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம். நாளைக்குச் செய்யலாம் என்று கனவில் இருப்பதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டாம். இன்று எதில் வருமானம் வருகிறதோ அதற்கு முதலில்.

யார் பெயரில்: இதைப் பேசாமல் விண்ணப்பம் போடாதீர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் தொழில் என்பது அப்பா ஆரம்பித்து, அண்ணன் தம்பிகள் நடத்துவது. விவரம் தெரிந்த தம்பி லேப்டாப்பில் விண்ணப்பம் போடுவான், தன் பெயரிலேயே போட்டுவிடுவான். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. ஆனால் பதிவானபின் அந்தப் பெயர் அவனுடைய சொத்து. வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது என்பது போலத்தான். பாகம் பிரிக்கும் நாளில் பட்டறையையும் மாவு மிஷினையும் பிரித்துவிடலாம். பெயரைப் பிரிக்க முடியாது.

ஆகவே முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தனி ஆள் தொழில் என்றால் அவர் பெயர். கூட்டுத்தொழில் என்றால் பங்குதாரர்கள் எல்லோர் பெயரும் விண்ணப்பத்தில் வர வேண்டும். பிரிந்தால் பெயர் யாருக்கு என்று பங்குதாரர் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் கம்பெனி உரிமையாளர், அதனால் அம்மா பெயரில் போட்டோம். உரிமையாளர் காலமானாலோ, தொழில் கைமாறினாலோ டிஎம்-பி படிவம் கொடுத்துப் பதிவேட்டில் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். அது தானாக மாறாது.

எந்தத் தேதியிலிருந்து: டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு. இந்தப் பெயரை ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்களா, எந்த நாள் முதல். அல்லது இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறீர்களா. நாங்கள் முதலில் பணம் கொடுத்த ஆள் எங்களைக் கேட்காமலே 'இனிமேல் பயன்படுத்தப் போவது' என்று போட்டுவிட்டார். பதின்மூன்று வருட உழைப்பு ஒரு கிளிக்கில் இல்லாமல் போனது. பிறகு மாற்றுவது எளிதல்ல. அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டு, கட்டிய பணத்தையும் விட்டு, வேறு வக்கீல் மூலம் புதிதாகப் போட்டோம்.

இந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு கவலை? பதிவு செய்தவரைவிட முன்பிருந்தே நேர்மையாகப் பயன்படுத்தியவருக்கே நம் சட்டம் மேலிடம் கொடுக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அங்கே எதிர்த்தரப்பும் பதிவு வைத்திருந்தது, முன்பயன்பாடுதான் வென்றது.

பழைய தேதியைக் கோரினால் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கூடவே கொடுக்க வேண்டும். இரண்டாவது முறை விண்ணப்பம் போடும்போது அம்மா பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். கார்பன் வைத்து எழுதிய பில் புத்தகங்கள். கரப்பான் அரித்த ஓரங்கள். அதற்கடியில் 2009-இல் கவர் அச்சடித்த பில், அதோடு பின் அடித்த ஒரு மாதிரிக் கவர். பச்சைக் கரை வெளுத்துப்போய், பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. வக்கீல் அந்த ஒரு தாளைப் பார்த்ததும் மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டார். பெயரும் தேதியும் மூன்றாம் ஆளின் ரசீதும் ஒரே இடத்தில் இருப்பதுதான் நல்ல ஆதாரம். விற்ற பில், பார்சல் சர்வீஸ் ரசீது, பத்திரிகை விளம்பரம், கண்காட்சியில் கடை போட்ட ரசீது எல்லாமே உதவும். பில்லில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்து பிராண்டுப் பெயர் இல்லையென்றால் பலன் குறைவு. இன்றைக்கே உங்கள் பில்லில் பிராண்டுப் பெயரையும் சேர்த்து அடியுங்கள்.

விண்ணப்பமும் கட்டணமும்

படிவத்தின் பெயர் டிஎம்-ஏ. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. தாளில் கொடுத்தால் 5,000, 10,000. கூட்டு நிறுவனம் சலுகைக் கட்டணம் கேட்டால் உத்யம் சான்றிதழைக் காட்ட வேண்டும். நீங்களே போடலாம், அதற்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். வக்கீலோ பதிவுபெற்ற டிரேட்மார்க் ஏஜென்டோ மூலம் போட்டால் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்கள். அவருடைய கூலி தனி.

ஆள் வைத்துச் செய்தாலும் மூன்றை விடாதீர்கள். அனுப்புவதற்கு முன் படிவத்தை வாசித்துப் பாருங்கள். விண்ணப்ப எண்ணை அன்றைக்கே வாங்குங்கள். உங்கள் சொந்த மெயிலும் போன் நம்பரும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நோட்டீஸ் ஏஜென்டுக்குப் போய், அவர் கவனிக்காமல், விண்ணப்பம் கைவிடப்பட்டதாக முடிந்த கதைகள் ஏராளம்.

எண் கிடைத்த அன்றிலிருந்தே பெயருக்கு மேல் சிறிதாக 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவானபின் மட்டும்தான். முன்கூட்டியே போட்டால் அது சட்டமீறல்.

போட்டபின் வரும் கட்டங்கள்

முதலில் படிவம் சரிபார்ப்பு. லோகோ என்றால், படத்தில் என்ன இருக்கிறது என்பதைக் குறிக்கும் வியன்னா குறியீடு என்ற எண்ணைக் கொடுப்பார்கள். அடுத்து பரிசோதகரின் அறிக்கை. இணையதளத்தில் 'ஆட்சேபம்' என்று காட்டும். அதைப் பார்த்து அம்மா ஒரு வேளை சாப்பிடவில்லை. பயப்பட வேண்டாம், நிறையப் பேருக்கு வருவதுதான். ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் கல்லில் செதுக்கியது போல. பதில் இல்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கணக்கு.

9-ஆவது பிரிவில் ஆட்சேபம் என்றால் உங்கள் பெயர் சரக்கை வர்ணிக்கிறது என்கிறார்கள். அப்போது நீண்ட கால விற்பனை ஆதாரமே பதில். 11-ஆவது பிரிவு என்றால் ஏற்கெனவே இருக்கும் ஒரு பெயரைப் போல இருக்கிறது என்கிறார்கள். எந்தப் பெயர் என்பதையும் அறிக்கையிலேயே காட்டுவார்கள். அந்தப் பெயரின் இன்றைய நிலையைப் பாருங்கள். அது காலாவதியாகியிருக்கலாம், வேறு சரக்காக இருக்கலாம், உங்கள் பயன்பாடு அதற்கு முந்தையதாக இருக்கலாம். எங்களுக்கு இரண்டு பெயர்களைக் காட்டினார்கள். ஒன்று பிஸ்கட்டுக்கானது, இன்னொன்று எங்களுக்குப் பின் வந்தது. எழுத்துப் பதிலில் திருப்தி இல்லையென்றால் வீடியோ வழியாக விசாரணை வைப்பார்கள்.

ஏற்றுக்கொண்டால் திங்கட்கிழமைதோறும் வரும் டிரேட்மார்க் இதழில் உங்கள் பெயர் வெளியாகும். அன்றிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்தால் அதன் நகல் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் அதோடு முடிந்தது. எதிர்ப்பு என்று வந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், நல்ல வக்கீல் கட்டாயம் வேண்டும். யாரும் எதிர்க்கவில்லையென்றால் சான்றிதழ் ஆன்லைனிலேயே வரும். எங்களுக்கு பதினொரு மாதம் ஆனது. இதழில் பெயர் வந்ததும் "பணம் கட்டினால் உடனே பதிவு" என்று தெரியாத இடங்களிலிருந்து மெயிலும் போனும் வரும். எதற்கும் காசு அனுப்பாமல், விண்ணப்ப எண்ணை வைத்து இணையதளத்தில் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் வந்தபின்

பதிவு இருந்தால் உங்கள் ஊர் எல்லையில் உள்ள நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். எதிராளி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. போலிச் சரக்குக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனாலும் முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள். சான்றிதழ் நகலோடு நாங்கள் அனுப்பிய ஒரு நோட்டீஸுக்கே எதிர்த்தரப்பு கவரை மாற்றிவிட்டது. கீழமாசி வீதி அண்ணாச்சிக்கு ஒரு நகல் கொடுத்தேன். கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.

பதிந்துவிட்டுப் பெயரைச் சும்மா போட்டு வைக்காதீர்கள். ஐந்தாண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் யாராவது மனுப் போட்டு நீக்க முடியும். மாதம் ஒருமுறையாவது உங்கள் வகுப்பில் புதிதாக வரும் பெயர்களைத் தேடிப் பாருங்கள். அந்த நான்கு மாதத்துக்குள் நீங்கள் எதிர்க்க டிஎம்-ஓ படிவமும், ஆன்லைனில் என்றால் 2,700 ரூபாயும் போதும்; பதிவாகிவிட்ட பின் நீக்குவதற்கு அதைவிடப் பலமடங்கு அலைச்சல்.

பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். நிறையப் பேர் சான்றிதழ் வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அது தப்பு, விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே டிஎம்-ஆர் படிவத்தில் புதுப்பிக்கலாம். ஆன்லைனில் வகுப்புக்கு 9,000 ரூபாய். தேதி தாண்டினால் ஆறு மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு வாய்ப்பு உண்டு. எங்களுடையது 2032 ஆகஸ்டில் முடிகிறது. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் புதுக் கணக்கு நோட்டுப் போடும்போது, முதல் பக்கத்தில் மஞ்சள் குங்குமத்துக்குக் கீழே அம்மா அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதிவிடுகிறார்.